ஆறாவது வாரம் வராத பெண்கள்

ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "அண்ணே, இப்பல்லாம் டெஸ்டுக்கு வரச்சொல்லி மெசேஜ் தானாப் போயிடுது. அப்பவும் பாதிப் பேரு வர்றதில்ல. நீங்க இருந்தப்ப எப்படிண்ணே வரவெச்சீங்க?"

"மெசேஜ் யாரு போனுக்குப் போவுது?" என்று கேட்டேன்.

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "வீட்டுக்காரர் நம்பருதாண்ணே ஏறியிருக்கு."

"அதான் வரல" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிகிற மாதிரி எழுதித் தாருங்கள், புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றாள். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒரு வேலையிலும் இரண்டு வருடம் நின்றதில்லை. பண்ருட்டியில் பலா லோடு ஏற்றும் லாரியில் கிளீனர். சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் சப்ளையர். முந்திரி வறுக்கும் கொட்டகையில் ஒரு கோடை முழுக்க நின்றதில் கை இரண்டும் தோல் உரிந்து போயின. கடைசியாகத் தேவனாம்பட்டினத்தில் படகுக்கு ஐஸ் சுமந்தேன். சுனாமி வந்தபோது அங்கேதான் இருந்தேன். பிழைத்தவர்களைக் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் போதவில்லை என்று அங்கேயே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஓய்வு பெறும் வரை நின்றேன். முதலில் தினக்கூலி, பிறகு லேப் அட்டெண்டர்.

கர்ப்பிணிகளுக்கு சர்க்கரை பார்க்கும் அறையில் என்னைப் போட்டார்கள். அங்கே கஸ்தூரி சிஸ்டர் பொறுப்பு. தேவனாம்பட்டினத்துக்காரர். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அலையைத் தாண்டிக் கேட்கிற குரல் இருக்கும். அவருக்கும் இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் வந்தால் அந்தக் குரலை ஒரு பெண்ணுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைத்துவிடுவார். "சுகர் பேஷண்ட் யாருப்பா" என்று வார்டு பையன் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில்.

முதல் நாள் என்னை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் பாக்கெட்டை முந்நூறு மில்லி தண்ணீரில் கொட்டிக் கலக்கி என்னிடம் நீட்டினார். "குடிய்யா. பத்து நிமிசத்துல முடிக்கணும்." ஐஸ் கட்டி சுமந்த உடம்பு, இதென்ன என்று வாங்கினேன். பாதி டம்ளரில் குமட்டியது. தொண்டையில் பசை மாதிரி நின்றது. "இப்ப ரெண்டு மணி நேரம் எழுந்து நடக்கக் கூடாது, டீ கூடாது, வெத்தல கூடாது. ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான்.

மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. குளுக்கோஸில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இறங்கும். குடித்து முடித்த நேரத்தை சுவர்க் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும், குத்துமதிப்பாக எழுதக்கூடாது. சாம்பல் மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்ததும் மெதுவாக எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக்கூடாது. குழாயின் மேல் பெயரை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தே எழுத வேண்டும். "மொதல்லயே பத்துக் குழாய்ல பேரு எழுதி அடுக்கி வெக்கறவன் ஒருநாள் ஒருத்தி ரத்தத்த இன்னொருத்தி பேருக்கு எழுதிடுவான்" என்பார் சிஸ்டர்.

என் முதல் தப்பு சீக்கிரமே நடந்தது. ஒரு பெண் குளுக்கோஸ் குடித்துப் பத்து நிமிடத்தில் தரையெல்லாம் வாந்தி எடுத்தாள். அரைமணிக்குள் வாந்தி வந்தால் டெஸ்டு செல்லாது, மறுநாள் எடுக்க வேண்டும். "இன்னிக்குப் பொழப்பு போச்சு, நாளைக்கு வா, போ" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெண். மறுநாள் பஸ் ஏறி வர அவளுக்கு வழியில்லை. அவளுக்கும் வாந்தி வந்திருக்கிறது. குழாயடிக்குப் போய் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வாயைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் சர்க்கரை சரியாக இருந்தது. சரியாகத்தானே இருக்கும், உள்ளே போனது வெளியே வந்துவிட்டதே. பிரசவத்தில் குழந்தை மிகவும் பெரிதாகப் பிறந்தது. பிறந்ததும் அதன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய் கண்ணாடிப் பெட்டியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது. அப்போதுதான் அவள் சிஸ்டரிடம் வாந்தியைச் சொன்னாள்.

சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஆறு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்து ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒன்று வைத்தார். "வாந்தி வந்தா இதுல எடுங்க. எடுத்தா சொல்லுங்க. இந்தண்ணன் திட்ட மாட்டாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். அதன்பிறகு நான் திட்டவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் வரும் சர்க்கரை, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். "புள்ளையோட வந்தது புள்ளையோட போச்சு" என்று நம் பக்கம் சொல்வார்கள். பலருக்கு அது அப்படிப் போவதில்லை. மறைந்து நின்று சில வருடத்தில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பிரசவமான ஆறாவது வாரம் வெறும் வயிற்றில் ஒரு தடவை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. இந்த ஆறாவது வாரத்துக்குத்தான் ஒருத்தியும் வர மாட்டாள்.

கடிதம் போட்டுப் பார்த்தோம். திரும்பி வந்தது. ஒருநாள் சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இதுல இருக்கறதெல்லாம் புருசன் வீட்டு விலாசம். ஏழாம் மாசம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்குப் போனவ, புள்ளைக்கு மூணு மாசம் ஆனாத்தான் திரும்புவா. ஆறாவது வாரம் எந்தப் பொண்ணுய்யா புருசன் வீட்டுல இருப்பா?" ஸ்கேலை எடுத்து சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். 'தாய்வீடு' என்று தலைப்பு எழுதினார். தெரு, பக்கத்துக் கடை, எந்த பஸ், எல்லாம் அதில் ஏறியது. வீடு தேடிப் போகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவனுக்கு அது கிடைத்தற்கரிய வேலை. மாவட்டத்தில் நான் இறங்காத பஸ் ஸ்டாப் குறைவு.

கோடு இழுப்பதற்கு முன்னால் பதிந்தவள் மலர்விழி. அவளுக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. புருஷன் வீடு பண்ருட்டி பக்கத்துத் திருவதிகை. தலைப்பிரசவம். ஆறாம் மாத டெஸ்டில் சர்க்கரை ஏறியிருந்தது, இன்சுலின் போட வேண்டியதாகிவிட்டது. அன்று துணைக்கு வந்திருந்த அவள் அம்மா ராணி, நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "அண்ணே, அவுங்க வீட்டுக்கு இது தெரிய வேணாம். இவளுக்குப் பின்னாடி இன்னொரு பொண்ணு நிக்கிது" என்று காதோடு சொன்னார். சரி என்று தலையாட்டினேன். நூறு பேர் நூறு சொல்வார்கள், எல்லோருக்கும் தலையாட்டுவேன். அதைப் போய் சிஸ்டரிடம் சொல்லவும் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை. வளையல் போட்டு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இன்சுலின் போட்டதெல்லாம் அங்கேதான்.

ஆறாவது வாரம், தாய்வீட்டு விலாசமாவது கேட்டு வரலாம் என்று நான் திருவதிகைக்குப் போனேன். மாமியார் தனக்கோடி வாசலில் உட்கார்ந்து முறத்தில் முந்திரிப் பருப்புத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"மலர்விழி வீடு இதானம்மா? ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன். ஆறு வாரம் ஆயிடுச்சி, சுகர் டெஸ்டு எடுக்கணும்."

"யாருக்கு சுகரு?"

"உங்க மருமவளுக்குத்தான். வயித்துல புள்ள இருக்கறப்ப ஜாஸ்தியா இருந்துதே, ஊசி போட்டாங்களே."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மற்ற இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதோடு ராணி சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

"ஊசி போட்டாங்களா?" என்றார் தனக்கோடி. "நல்லா இருக்குதே. நாங்க பலாச்சுளையும் அதிரசமுமா கட்டிக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வர்றோம், வாய மூடி வாங்கி வெச்சிக்கிறாங்க. மூணாம் மாசம் கூட்டியாரணும்னு நாள் பார்த்து வெச்சிருக்கேன். இனிமே நாளும் வேணாம் கெழமையும் வேணாம். நோவ வெச்சிக்கிட்டு மறைச்சவங்க, நோவு தீர்ந்தப்புறம் அனுப்பட்டும்."

கடலூர் வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. சிஸ்டர் கடைசிக் குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன சிதம்பரத்து விலாசத்தையும் சொன்னேன். எழுதி முடித்து, தாங்கியில் சொருகிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்டு. நாளைக்கு ரெண்டு பேரும் சிதம்பரம் போறோம். நீ வாயத் தொறக்காத" என்றார்.

மலர்விழியின் தாய்வீடு சிதம்பரத்தில், கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஓட்டலில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சந்துக்கெல்லாம் சாப்பாடு கொண்டு போயிருக்கிறேன். செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ராணி கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார்.

"வாங்கண்ணே. இன்னும் யாரு வீட்டுல சொல்லணும்? தெருக்கோடியில ஒரு வீடு பாக்கி இருக்குது, சொல்லிட்டுப் போயிடுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதிக் கதவு வழியாகவே உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். "தப்பு எங்கப் பக்கம்தாம்மா. அவரு சொன்னது நான் சொன்ன மாதிரிதான். திட்டணும்னா என்னையத் திட்டு. முடிச்சதும் கொஞ்சம் தண்ணி குடு."

ராணி திட்டினார். நிறையவே திட்டினார். சிஸ்டர் குறுக்கே பேசவில்லை. இரண்டாவது மகளுக்குப் பேசி வைத்திருந்த இடம், தனக்கோடிக்குத் தூரத்து உறவு, எல்லாம் வெளியே வந்தது. முடித்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார். குடித்துவிட்டு சிஸ்டர் மாடத்தில் இருந்த லேகியக் கிண்ணத்தைப் பார்த்தார். "பிரசவ லேகியமா? நீயே கிண்டினதா? குடு பாப்போம்."

ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சுக்கு எவ்வளவு, திப்பிலி எவ்வளவு, நெய் எத்தனை கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோபத்தில் இருந்தாலும் தன் கைப்பக்குவத்தைக் கேட்டால் யார்தான் சொல்லாமலிருப்பார்கள். ராணி சொன்னார்.

"கருப்பட்டி?"

"பத்து நாளைக்கு ஒரு கிலோ ஆவும்."

"ஒரு நாளைக்கு எத்தன உருண்ட?"

"மூணு. எலுமிச்சங்கா அளவுக்கு."

சிஸ்டர் முகத்தில் எதையும் காட்டவில்லை. "அருமையா வந்திருக்குது. கருப்பட்டியக் கால் பங்காக் கொறைச்சி, அந்தச் சுக்குக் காரம் தெரியற மாதிரி கிண்ட வருமா ஒனக்கு? நெல்லிக்கா அளவுல ஒண்ணு போதும்."

"அதெல்லாம் வரும்" என்றார் ராணி. பிறகு பேச்சு எங்கே போகிறது என்று விளங்கி, "டெஸ்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. இப்பவே வாழ்க்க நிக்குதா போவுதான்னு இருக்குது. மறுபடி ஜாஸ்தின்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அத்தோட முடிஞ்சிச்சி" என்றார்.

உள் அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மலர்விழி வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். "நான் வர்றேன் சிஸ்டர்."

"நீ சும்மா இருடி."

"எவ்ளோ நாளைக்கும்மா சும்மா இருக்கறது? ராத்திரியெல்லாம் நாக்கு ஒட்டுது. பால் குடுக்கறதால இருக்கும்னு நீ சொல்ற. அதானா வேற எதனாவதான்னு எனக்குத் தெரிய வேணாமா? தெரியாம இருந்தா மட்டும் அவுங்க வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களா?"

ராணி லேகியக் கிண்ணத்தை எடுத்து மாடத்தில் திருப்பி வைத்தார்.  சிஸ்டர், சிதம்பரத்திலேயே தெரிந்தவர் லேபில் வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஒடைச்சது ஒடைஞ்சிடுச்சி. இனிமே மறைச்சி எடுக்கற டெஸ்டுல பிரயோசனம் இல்ல. அவ புருசன் அன்னிக்கு அங்க இருக்கணும். அது ஒன் வேல."

மலர்விழியின் புருஷன் சரவணன் பண்ருட்டியில் பலா மண்டிக்கு மினி வேன் ஓட்டுகிறவன். பழைய கிளீனருக்கு மண்டியில் ஆள் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. வேனுக்குப் பின்னால் படுதா கட்டிக்கொண்டிருந்தான். யார் என்று சொன்னதும் கயிற்றை இன்னும் இழுத்து முடிச்சுப் போட்டான்.

"என்கிட்ட மறைச்சிட்டாண்ணே. எங்கம்மாகிட்ட மறைக்கட்டும். என்கிட்ட?"

"நீ கேட்டியா தம்பி?"

"என்னான்னு கேக்கறது?"

"ரெண்டு மாசம் ஊசி போட்டுக்கிட்டிருந்தா. வாராவாரம் பாக்கப் போன. அவ தொடையப் பாத்தியா, வயித்தப் பாத்தியா? அதிரசம் தின்னாளா இல்லியான்னு பாத்தியா?"

அவன் முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். பக்கத்து வேன்காரன் எங்களைப் பார்த்தான்.

"நான் உங்க வீட்டு வாசல்ல சொன்னது தப்பு" என்றேன். "அதுக்கு நீ என்னைய என்னா வேணா சொல்லு. அவ மறைச்சது பயத்துல. வியாழக்கெழம காலையில ரெண்டு மணி நேரம் அவ எங்கயும் எழுந்து போவக் கூடாது. கொழந்தைய வெச்சிக்க ஒரு ஆளு வேணும்."

"லோடு இருக்குதுண்ணே."

"நானும் லோடுல போனவன்தான். ஒரு லோடு விட்டா வண்டி ஒண்ணும் அழுவாது."

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ஏழரைக்கு மலர்விழியும் ராணியும் அந்த லேபுக்கு வந்தார்கள். வெறும் வயிற்று ரத்தம் எடுத்தாயிற்று. எலுமிச்சை பிழிந்த குளுக்கோஸை ஏழு நிமிடத்தில் குடித்தாள். எட்டு மணி ஐந்து நிமிடம் என்று எழுதினேன். பெஞ்சில் உட்கார்ந்தாள். காலடியில் வாளி. எட்டரைக்கு சரவணன் வேனை வெளியே நிறுத்திவிட்டு வந்தான். அவனுக்குப் பின்னால் தனக்கோடியும் இறங்கினார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சம்பந்திகள் பெஞ்சின் இரு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மலர்விழி.

சரவணன் குழந்தையை வாங்கிக்கொண்டான். பிடிக்கத் தெரியவில்லை, பலாப்பழத்தை அணைக்கிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். "தலையப் புடிய்யா" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. அன்று அந்த இரண்டு அம்மாக்களும் சேர்ந்து பேசியது அது ஒன்றுதான். குழந்தை அழுதபோது மலர்விழி உட்கார்ந்த இடத்திலேயே பால் கொடுத்தாள், அதற்குத் தடையில்லை. ஒன்பது மணிக்கு அவளுக்கு வியர்த்தது, குமட்டியது. வாளியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரைமணி தாண்டிவிட்டது, இனி வந்தாலும் டெஸ்டு செல்லும் என்றேன். சரவணன் எழுந்து போய் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தான். வாந்தி வரவில்லை.

பத்து ஐந்துக்கு இரண்டாவது ரத்தம். முடிவு வர இன்னும் கொஞ்ச நேரம். சிஸ்டர் தாளை எடுத்து வந்து முதலில் மலர்விழியிடம் கொடுத்தார். அவளைப் படிக்க விட்டு, பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார். வெறும் வயிற்றில் கொஞ்சம் கூடுதல். இரண்டு மணி கழித்து நூற்று எழுபத்திரண்டு. நூற்று நாற்பதுக்குள் இருந்தால் நல்லது, இருநூறு தொட்டால் சர்க்கரை நோய். இவள் நடுவில் நிற்கிறாள். மாத்திரையும் ஊசியும் இப்போது தேவையில்லை. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்து, வருடா வருடம் வந்து பார்த்துக்கொண்டால் திரும்பிப் போக வழி இருக்கிறது. விட்டால் முன்னால்தான் போகும்.

"இது எங்க வீட்டுக்கு வந்தப்புறம் வந்ததா, அவுங்க அனுப்பறப்பவே இருந்ததா?" என்று கேட்டார் தனக்கோடி.

ராணியின் முகம் சுருங்கியது. சிஸ்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அத நான் எழுத வேண்டிய கட்டம் இதுல இல்ல. வருசா வருசம் இந்தப் பொண்ணக் கூட்டியாரப் போறது யாருன்னு எழுதணும். பேரு சொல்லுங்க."

ராணி வாயைத் திறந்தார். அதற்குள் தனக்கோடி முந்திக்கொண்டார்.

"ஏம் பேர எழுதுங்க. தனக்கோடி. அவுங்கள நம்பினா மறுபடியும் மறைப்பாங்க. இனிமே எங்க வீட்டுப் பொண்ணு, நான் பாத்துக்கறேன். மூணாம் மாசத்துக்கு நாள் பாத்து வெச்சிருக்கேன், அதுல மாத்தம் இல்ல."

அதில் பாசம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது சிஸ்டரிடம் கேட்டேன். "எதுக்காக வந்தா என்னாய்யா, வந்தாப் போதும்" என்றார். என் தப்பைப் பற்றி அன்றும் பேசவில்லை, ஓய்வு பெற்றுப் போகும் வரையிலும் பேசவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அதன்பிறகு எந்த வீட்டு வாசலிலும் நான் நோயின் பெயரைச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளிடம் மட்டும், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்தக் குரலை நான் கற்றுக்கொண்டது அவரிடம்.

தனக்கோடி வருடம் தவறாமல் மருமகளை அழைத்து வந்தார். வரும்போதெல்லாம் நேரமாகிறது என்று என்னோடு சண்டை போட்டார். மூன்று வருடம் வந்தார்கள். நாலாவது வருடம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். விசாரித்ததில் தனக்கோடி காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றார்கள். மறுநாள் காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பண்ருட்டி பஸ்ஸில் ஏறக் காலை வைத்தேன். அதே பஸ்ஸிலிருந்து மலர்விழி இறங்கினாள். தனியாக வந்திருந்தாள்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"ஒன்னத் தேடித்தாம்மா."

"நான் அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன். வெறும் வயிறு. பேசிக்கிட்டு நிக்காதீங்க, வந்து ரத்தத்த எடுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.